ஒரு மரண அறிவித்தலுக்குத் திருத்தம்

மாமனார் காலமான செய்தியை வானொலிக்குக் கொடுத்தவன் நான். அதில் நடந்த பிழையும் என்னுடையது. பெயர், வயது, பிறந்த ஊர், இருந்த ஊர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள் என்ற பட்டியல், எல்லாவற்றையும் போனில் ஒழுங்காகத்தான் சொன்னேன். கடைசியில், மற்றப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அண்ணை, முடிவு வழமையானதுதானே?"

"ஓம், ஓம். வழமையானதுதான்."

அவ்வளவுதான் என் குற்றம். வழமையான முடிவு என்னவென்று லண்டன் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. "அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கும் மகள் சுசிலா, பிளேஸ்டோ, லண்டன்." ஒரு நாளைக்கு மூன்று தரம், பின்னால் வீணை அழ, இரண்டு நாள் போனது.

இந்த வசனத்தை யாரும் காதில் போடுவதில்லை. மருந்துப் போத்தலில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று இருப்பதுபோல அது தன்பாட்டுக்கு இருக்கும். என் மனைவியின் சபைக்காரர் மட்டும் காதில் போட்டுவிட்டார்கள். அவர்களுடைய சட்டம் எளிமையானது. வேதத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இறந்தவருக்காக ஜெபிக்கச் சொல்லி அவர்களுடைய வேதத்தில் இல்லை, ஆகவே ஜெபிப்பதில்லை. "அப்ப டிரம்ஸ் செட்டும் புரொஜெக்டரும் எந்த அதிகாரத்திலே வருது?" என்று ஒருமுறை சுசிலாவிடம் கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறும் சொதியும் மட்டும்தான் கிடைத்தது.

நான் பிறப்பிலேயே கத்தோலிக்கன். பெயர் செபமாலைமுத்து. சபையில் என்னை 'முத்தண்ணை' என்பார்கள். முன்பாதி கத்தோலிக்கர் உருட்டுகிற மணிமாலை, அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். சுசிலா பிறந்ததோ சைவ வீட்டில். அப்பா சண்முகராசா யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைக் கட்டியதற்காக ஒரு வருசம் அவளோடு பேசாமல் இருந்தார். பிறகு அவள் என்னுடைய கோயிலுக்கும் வராமல் இந்தச் சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது, போனில் கேட்டாராம்: "வேதக்காரனைக் கட்டினாய், சரி. அவன்ரை வேதம் காணாதெண்டே பிள்ளை இன்னொண்டு எடுத்தனி?" நானும் மாமாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்ட்டில் திரும்பச் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதையை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணம் முழுக்க அடைபட்டுக் கிடந்தது. ஒக்டோபரில் மாமா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். பாதை திறந்திருந்தாலும் நாங்கள் போயிருக்க முடியாது. எங்களிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கேயும் போகலாம், எங்கள் நாட்டைத் தவிர.

சுசிலா அழவில்லை. துணிகளை அயர்ன் செய்தாள். பிள்ளைகளின் உடுப்பு முடிந்து, என் பெட்ரோல் ஸ்டேசன் சீருடை முடிந்து, தலையணை உறைகள் முடிந்து, கடைசியில் குளித்துத் துடைக்கிற துவாய்களை எடுத்து வைத்து அயர்ன் செய்தாள். துவாயை அயர்ன் செய்கிற மனுசிக்கு என்ன ஆறுதல் சொல்வது? எனக்குத் தெரிந்த வைத்தியம் பகிடி ஒன்றுதான். இரண்டு விட்டேன். இரண்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், பிரதாபன் பாஸ்டரும் ராஜி அக்காவும் வந்தார்கள்.

பிரதாபன் பாஸ்டர் வாரநாட்களில் எலக்ட்ரீஷியன். நோர்வேயில் ஐந்து வருசம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். என்னைவிட ஏழு வயது இளமை. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வயரிங்கைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது வீடில்லை, வெடிகுண்டு" என்று முகத்துக்கு நேரே சொல்லி, இரண்டு ஞாயிறு பின்னேரம் வந்து இலவசமாகச் சரிசெய்து தந்தவர். அவரை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். முடிந்ததில்லை. ராஜி அக்கா சபையின் மூத்த சகோதரி. அவரை வெறுக்க முயற்சி தேவையில்லை, ஆனால் அவருடைய இறால் வடை குறுக்கே வந்து நின்றுவிடும்.

எங்கள் முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் காற்று வெளியே நிற்க வேண்டியதுதான். ராஜி அக்கா வாசலை ஒட்டிய கதிரையில் உட்கார்ந்தார். பாஸ்டருடைய நீளக் கால்கள் கண்ணாடி மேசைக்கும் டிவிக்கும் நடுவே குறுக்குக் கம்பம் போட்டன. நானும் சுசிலாவும் மூலைச் சோபாவில். முதுகுக்குப் பின்னால் ஹீட்டர், திருகு உடைந்து, முழு வேகத்தில். எனக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். வெளியேறுவதென்றால் பாஸ்டரைத் தாண்டி, ராஜி அக்காவை எழுப்பி, மன்னிப்பும் கேட்க வேண்டும், அதற்கு நெஞ்சில் துணிவும் வேண்டும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"சகோதரி, ரேடியோவிலே கேட்டம்," என்றார் பாஸ்டர் மெதுவாக. "இத்தினை வருசமாப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை நடத்திறியள். தாய்தகப்பன்மார் என்னட்டைக் கேக்கினம்."

"அது என்ரை பிழை," என்றேன். "போனிலே வழமையானதைப் போடச் சொன்னது நான். சுசிக்கு ஒண்டும் தெரியாது."

"நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்," என்றார் ராஜி அக்கா, 'நாங்களும்' என்பதில் என்னை ஒரு குத்துக் குத்தி. "ஆனா தம்பி, பேர் சுசிலாவின்ரை. அதாலே நான் ஒண்டு எழுதிக்கொண்டு வந்தனான்."

கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து வாசித்தார். "சென்ற வாரம் ஒலிபரப்பான அமரர் சண்முகராசா அவர்களின் மரண அறிவித்தலில், அன்னாரின் ஆத்ம சாந்திக்காக மகள் சுசிலா பிரார்த்திப்பதாகக் கூறப்பட்டது தவறு. அவர் பிரார்த்திக்கவில்லை என்பதை அறியத் தருகிறோம்."

லண்டன் தமிழ் வானொலியில் நான் எல்லாம் கேட்டிருக்கிறேன். பிறந்தநாள் வாழ்த்து, கொழும்பில் காணி, விசா லோயர், சேலை மலிவு விற்பனை. இப்படியொன்றைக் கேட்டதில்லை. சேலைக்கும் காணிக்கும் நடுவில், அதே வீணையோடு, ஒரு மகள் தன் தகப்பனுக்காகப் பிரார்த்திக்கவில்லை என்று உலகத்துக்கு அறிவிப்பார்கள். பாரிஸில் இருக்கும் அவளுடைய சித்தப்பா இணையத்தில் கேட்பார். அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குப் போன் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சுசிலா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"குடுக்காவிட்டால்?" என்று கேட்டாள்.

பாஸ்டருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "வகுப்பை விடவேண்டி வரும், சகோதரி. கர்த்தரின்ரை பந்தியிலேயும் அப்பம் எடுக்க ஏலாமல் வரும். நான் விரும்பிச் சொல்லேல்லை."

சுசிலாவுக்கு லண்டனில் இருப்பது நான், பிள்ளைகள், அந்தச் சபை. இதில் என் பெறுமதி எவ்வளவு என்று எனக்கே தெரியும்.

"வேதத்திலே எங்கை இருக்கு, அண்ணை?" என்று பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "செத்தவருக்காக ஜெபியுங்கோ எண்டு ஒரு வசனம் காட்டுங்கோ. நான் இப்பவே எழும்பிப் போறன்."

எழும்பிப் போகிறேன் என்ற சொல்லே எனக்கு ஊக்கமருந்து. அதோடு, இந்தக் கேள்விக்கென்றே மூன்று வருசமாக ஆயத்தமாக இருந்தவன் நான். வீட்டில் சுசிலாவை வெல்வதற்காக, பழைய சாமான் கடையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். அப்போஸ்தலர்களுக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதங்கள், பிரசங்கங்கள், சண்டைகள். டீசலுக்கும் அன்லெடட்டுக்கும் நடுவே கல்லாவில் நின்று வாசித்து, இருநூற்றுப் பதினாலாம் பக்கம் வரைக்கும் வந்திருந்தேன்.

"எங்கடை பைபிளிலே இருக்கு, பாஸ்டர். எங்களுக்கு ஏழு புத்தகம் கூட."

"அந்த ஏழும் எங்கடையிலே இல்லையே."

"அதைத்தான் நானும் கேக்கிறன். எந்தப் புத்தகம் உள்ளுக்கு, எந்தப் புத்தகம் வெளியிலே எண்டு வேதத்திலே எங்கை எழுதியிருக்கு? முன்பக்கத்திலே இருக்கிற பொருளடக்கத்தை எந்த அப்போஸ்தலர் எழுதினவர்?"

ராஜி அக்கா தன் வேதாகமத்தைத் திறந்து பொருளடக்கத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது.

"முதல் முந்நூறு வருசம் ஒரு சபையிலே ஒரு கடிதத்தை வாசிச்சவை, மற்றச் சபையிலே அதைத் தள்ளி வைச்சவை. புதிய ஏற்பாட்டிலே இண்டைக்கு இருக்கிற இருபத்தேழு புத்தகத்தையும் அப்பிடியே பட்டியல் போட்டது நாலாம் நூற்றாண்டிலே ஒரு ஆயர். அப்ப வேதத்தைக் கையிலே தந்தது சபை. அந்தச் சபை செத்தவருக்காக ஜெபிச்சது. தந்ததை வாங்குவம், ஜெபிச்சது பிழை எண்டால் எப்பிடி?"

பாஸ்டர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"அண்ணை, கிரீன் ஸ்ட்ரீட்டிலே நகைக்கடைக்காரன் உரைச்சுப் பார்த்துத் தங்கம் எண்டு சொல்லுறான். அவன் சொன்னதாலேயோ அது தங்கமானது?"

நான் வாயைத் திறந்தேன். தேத்தண்ணியை ஊற்றினேன்.

"அதோடை," என்றார், "உங்கடை அந்தப் பழைய ஆயர்மாரை நானும் கொஞ்சம் வாசிச்சிருக்கிறன். ஒராள், கிறிஸ்து திரும்பி வந்து இந்தப் பூமியிலே ஆயிரம் வருசம் ஆளுவார் எண்டு எழுதினவர். உங்கடை கோயிலிலே அதை ஏற்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப நீங்களும் பொறுக்கித்தான் எடுக்கிறியள். பொறுக்கிறதுக்கு ஒரு அளவுகோல் வேணும். ஆளாளுக்கு ஒண்டை நீட்டினால் ஆரை நம்பிறது? எனக்கு அளவுகோல் இதுதான்." உள்ளங்கையை வேதாகமத்தின் மேல் வைத்தார். அதட்டாமல், குழந்தையின் தலையில் வைப்பதுபோல வைத்தார்.

இதற்குப் பதில் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்துக்குப் பிறகு இருந்திருக்கலாம். முதுகு வெந்தது. மணி ஒன்றரை. ராஜி அக்கா கடதாசியை மேசையில் விரித்து, பேனையின் மூடியைக் கழற்றி, இரண்டையும் சுசிலாவின் பக்கம் தள்ளினார்.

வேறு வழியில்லாதபோது மனிதன் கையில் அகப்பட்டதை எறிவான். நான் ஒரு கதையை எறிந்தேன்.

"சரி, ஆயரை விடுங்கோ. வட ஆப்பிரிக்காவிலே ஒரு பெட்டை. இருபத்திரண்டு வயசு, கையிலே பால்குடிப் பிள்ளை. கிறிஸ்தவள் எண்டு பிடிச்சுச் சிறையிலே போட்டவை. இது நடந்து ஆயிரத்து எண்ணூறு வருசம். சிறைக்குள்ளை இருந்து தன்ரை கையாலே எழுதியிருக்கிறாள். இருட்டு, வெக்கை, சனநெருக்கம்." எங்கள் முன்னறைதான் என்று சேர்க்க நினைத்தேன், சேர்க்கவில்லை. "அவளுக்கு ஒரு தம்பி. ஏழு வயசிலே முகத்திலே புண் வந்து செத்தவன். ஒருநாள் அவன்ரை பேர் சும்மா வாயிலே வருது. அண்டைக்கே அவனுக்காக ஜெபிக்கத் தொடங்கிறாள். கனவிலே அவனைக் காணுறாள். இருட்டிலே நிக்கிறான். தாகம். பக்கத்திலே தண்ணித் தொட்டி இருக்கு, ஆனா விளிம்பு அவன்ரை உயரத்துக்கு மேலை. எட்டி எட்டிப் பார்க்கிறான்…"

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. மாமா கடைசி இரண்டு நாளும் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டாராம். உடம்பில் நீர் ஏறியிருந்ததால் டொக்டர் கொடுக்க விடவில்லையாம். யாழ்ப்பாணத்திலிருந்து தன் தங்கச்சி போனில் சொன்னபோது சுசிலா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் அயர்னைப் போட்டவள். இதெல்லாம் தெரிந்த நான், உலகத்தில் இருக்கிற அத்தனை கதையையும் விட்டுவிட்டு இதைப்போய் எடுத்திருக்கிறேன்.

"ஏன் நிப்பாட்டினியள்?" என்றாள் சுசிலா.

"ஒண்டுமில்லை. நீளமான கதை."

"பேந்து என்ன நடந்தது?"

"இரவும் பகலும் அழுது ஜெபிச்சாள். பேந்தும் கனவு. தொட்டி விளிம்பு அவன்ரை இடுப்பளவுக்கு இறங்கியிருக்கு. வயிறு நிறையக் குடிச்சிட்டு, சின்னப்பிள்ளையள் மாதிரி விளையாட ஓடிப்போறான். அவ்வளவுதான்."

"அது கனவு, அண்ணை," என்றார் பாஸ்டர். குரல் இறங்கியிருந்தது. "அவ உயிரைக் குடுத்த உண்மையான சாட்சி. அதிலே எனக்குச் சந்தேகமில்லை. ஆனா ஒருவரின்ரை கனவை வைச்சு உபதேசம் கட்ட ஏலாது."

"தெரியும்," என்றேன். உண்மையாகவே தெரியும். அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் என்னை அந்தச் சோபாவோடு சேர்த்து ஆணி அடித்தது.

ராஜி அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, ஜெபிச்சு முடிப்பம். சுசிலா, நீங்களே ஜெபியுங்கோ. கர்த்தர் தெளிவு தருவார். பிறகு கையெழுத்தை வையுங்கோ."

சபைக்காரர் ஒரு வீட்டுக்கு வந்தால் ஜெபிக்காமல் எழும்புவதில்லை. ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினால் மற்றவர்கள் கண்ணை மூடி, வசனத்துக்கு வசனம் "ஸ்தோத்திரம்", "ஆமென்" என்று தோள் கொடுப்பார்கள். இடையில் கண்ணைத் திறப்பதோ, குறுக்கே பேசுவதோ, எழும்பிப் போவதோ கிடையாது. கூரை எரிந்தால்கூட ஜெபம் முடிந்த பிறகுதான் தண்ணீர். இதுவும் வேதத்தில் எங்கே இருக்கிறதென்று நான் கேட்டதில்லை. அன்றைய சொதியின் நினைவு.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் கத்தோலிக்கன், ஒரு கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, பாஸ்டரை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தீரே, ஸ்தோத்திரம்," என்று தொடங்கினாள் சுசிலா.

"ஸ்தோத்திரம்," என்றார் பாஸ்டர்.

"ராஜி அக்காவின்ரை முழங்கால் நோவைச் சுகமாக்கும்."

"ஆமென், ஆமென்," என்றார் ராஜி அக்கா மனமார.

"என்ரை புருசனுக்காக ஸ்தோத்திரம். அவரின்ரை வாயை நீர்தான் பார்த்துக்கொள்ள வேணும்."

"ஆமென்!" இது இரண்டு பேரும், முன்னதைவிடப் பலமாக.

"என்ரை அப்பாவுக்காக ஸ்தோத்திரம். என்னை வளர்த்தார். படிப்பிச்சார்."

"ஸ்தோத்திரம்."

"சண்முகராசா எண்டு பேர். பருத்தித்துறை ரூட்டிலே பஸ் ஓட்டினவர். உமக்குத் தெரியும்." ஒரு மூச்சு எடுத்தாள். "அவர் உம்மை நம்பேல்லை, ஆண்டவரே. நான் எத்தினையோ தரம் போனிலே சொன்னனான். 'சரி பிள்ளை, நீ சாப்பிட்டனியே' எண்டு கதையை மாத்திப்போடுவார். இனி அவருக்காகக் கேக்கக் கூடாதெண்டு சொல்லீனம். எழுதியில்லையாம். இருக்கலாம். ஆனா எனக்கு உம்மட்டையல்லாமல் வேறை ஆரிட்டைக் கேக்க ஏலும்?"

"ஆமென்," என்றது ராஜி அக்காவின் வாய், பழக்கத்தில். உடனே கண்கள் மூடியபடியே புருவம் சுருங்கியது. பாஸ்டர் அசையவில்லை. அவருடைய விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. ஒன்றும் செய்ய முடியாது. ஜெபம் நடக்கிறது.

"ரண்டு நாளாத் தண்ணி கேட்டவராம். குடுக்கேல்லையாம். நான் கிட்ட இருந்திருந்தால் ஒளிச்செண்டாலும் ஒரு கரண்டி பருக்கியிருப்பன். என்னைப் போகவிடேல்லை. இஞ்சையும் விடேல்லை, அங்கையும் விடேல்லை. நீர் குடும், ஆண்டவரே. அவர் உம்மைக் கேக்கமாட்டார், ரோசக்காரன். நான் கேக்கிறன். அப்பாவுக்குத் தண்ணி குடும்…"

அதற்குப் பிறகு சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. இத்தனை நாளும் துவாய்களுக்குள் அயர்ன் செய்து மடித்து வைத்திருந்த அழுகை. ராஜி அக்கா அந்த இடைவெளியைப் பிடித்து, "ஆமென்!" என்று சொல்லி ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணும் ஈரமாக இருந்தது. அதற்காகக் கோபப்பட்டவர்போல மூக்கைத் துடைத்தார்.

பாஸ்டர் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, மேசையிலிருந்த கடதாசியை எடுத்து, எலக்ட்ரீஷியன் பில்லைச் சரிபார்ப்பதுபோல வாசித்தார்.

"அக்கா, இதை ரேடியோவுக்குக் குடுக்க ஏலாது."

"ஏன் பாஸ்டர்?"

"'பிரார்த்திக்கவில்லை' எண்டிருக்கு. நான் என்ரை காதாலே கேட்டனான். பொய்யை எழுதிக் குடுக்க ஏலுமே?" கடதாசியை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சுசிலாவைப் பார்த்தார். "சகோதரி, நான் இதைச் சரியெண்டு சொல்லேல்லை. நான் வாசிச்ச அளவிலே சரியில்லை. வகுப்பை இனி ராஜி அக்கா பார்க்கட்டும். பந்தியிலேயும்…"

"விளங்குது, பாஸ்டர்."

"ஆனா வராமல் விடாதேங்கோ."

"வருவன். பின்வரிசையிலே இருப்பன்."

அவர் தலையாட்டினார். கால்களை மடக்கி எழும்பினார். ராஜி அக்கா வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, பிள்ளைகளின் பாடப் படங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று கேட்டார். சுசிலா படிக்குக் கீழே இருந்து அந்தப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஏழு வருசம் வெட்டி ஒட்டிய படங்கள். ராஜி அக்கா வாங்கும்போது ஏதோ சொல்ல வந்து, "கனமாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மணி ஒன்று ஐம்பது. ஓடினால் பஸ் பிடிக்கலாம். சுசிலா சோபாவில் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"தேத்தண்ணி போடட்டே?" என்றேன்.

"நான் இன்னும் முடிக்கேல்லை," என்றாள். "ராஜி அக்கா இடையிலே ஆமென் சொல்லிப்போட்டா."

கண்ணை மூடினாள். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனேஜராக இருக்கும். இப்போது குறுக்கே கால்களும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. நான் ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவருக்குச் சீனி வருத்தமும் இருந்தது, ஆண்டவரே," என்று சுசிலா தொடர்ந்தாள். "இடது காது வடிவாக் கேக்காது. கிட்டவாப் போய்க் கதையும்."